எழுத்தறிவிக்கும் பணிக்கு நம் பிள்ளைகள்

(ஜமாஅத்தின் ஆண்டு விழாவில், மேல்நிலைத் தேர்வில் தேறிய மாணவ மாணவியருக்குப் பரிசளிக்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளிடம் அடுத்து என்ன படிப்பு என்று வினவினால், பொறியியல் என்பர், வணிகவியல் என்பர், கணினி என்பர். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியராக விரும்புகிறேன் என்று சொல்லும் ஆண்பிள்ளையைக் காண்பது அரிது. பெண்பிள்ளை சொன்னாலோ, நிகாஹ் அமையும் வரை ஏதேனும் படிக்கட்டும் என்று வீட்டார் அதற்குப் பொருள் கொள்கின்றனர். தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணி பொழுதுபோக்கும் அன்று, கடைசிப் புகலிடமும் அன்று. சமுதாயத்தின் அடித்தளத்தை இடும் பணி அது என்பதையே இன்று நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

மார்க்கம் காட்டும் வழி

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 624இல், பத்ருப் போர் நடந்தது. சிறைப்பட்ட குறைஷியருள் மீட்புத்தொகை செலுத்த இயலாதவர்கள் இருந்தனர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தால் அதுவே விடுதலைக்கு ஈடாகும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கைதிக்குப் பத்துச் சிறுவர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வஹீயை எழுதியவரும், பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பொறுப்பை ஏற்றவருமான ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் அவ்வாறு எழுதக் கற்றவர்களுள் ஒருவர் என்ற அறிவிப்பும் உண்டு.

சகோதரர்களே! பொருள் வளம் மிகவும் தேவைப்பட்ட நேரம் அது. ஆயினும் பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஈடாகச் சிறுவர்களின் எழுத்தறிவு எடை போடப்பட்டது. பெண்மக்களும் இப்பணியில் பின்தங்கவில்லை. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி, அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தார் என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

பயிற்சி ஏன் தேவை?

சிறுபிள்ளைக்குப் பாடம் சொல்ல இரண்டாண்டுப் பயிற்சி எதற்கு என்று கேட்போர் உளர். மக்தபில் ஓதிக்கொடுக்கும் நாம் இதற்கு விடை அறிவோம். பே, தே, ஸே மூன்றும் ஒரே வடிவம். புள்ளியால் மட்டுமே வேறுபடுகின்றன. ஒரு பிள்ளை அதனை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். மற்றொரு பிள்ளைக்கு ஒரு வாரம் ஆகும். பள்ளியிலும் அவ்வாறே. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் ஒரு சிறுவன் தவறு செய்தால், அவனுக்கு இடமதிப்பு விளங்கவில்லையா, கழித்தலே விளங்கவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். பிரம்பெடுத்தால் அது தெரிந்துவிடாது. குழந்தையின் மனம் எவ்வாறு வளர்கிறது, எழுத்தையும் எண்ணையும் எவ்வாறு அறிமுகம் செய்வது என்பவற்றை முறையாகக் கற்பதே அப்படிப்பு.

தமிழ்நாட்டில் அதற்கான வழி, மேல்நிலைக் கல்விக்குப் பின் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும், அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும், தனியார் நிறுவனங்களிலும் இது கற்பிக்கப்படுகிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 20 வாரம் பள்ளிகளிலேயே பயிற்சி பெற வேண்டும். பட்டமாகவே பெற விரும்புவோருக்காக, நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு 2023 முதல் நாட்டின் சில நிறுவனங்களில் தொடங்கப்பட்டுள்ளது. எங்கே சேர்ந்தாலும், குழுமத்தின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். ஏதேனும் ஒரு பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றால் எல்லா வகுப்புக்கும் ஆசிரியராகலாம் என்று பலர் கருதுகின்றனர். முதல் ஐந்து வகுப்புகளின் ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனவே, சிறு வகுப்புகளுக்கு ஆசிரியராக விரும்பும் பிள்ளை, முதலிலேயே அதற்குரிய படிப்பைத் தேர்ந்துகொள்ளட்டும்.

வேலை கிடைக்குமா?

இக்கேள்விக்கு இனிப்பு தடவிய விடை சொல்வது அமானிதத்திற்கு மாறானது. பட்டயம் பெற்றவுடன் அரசுப் பணி வாசலில் வந்து நிற்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தபின், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறுவது இன்றியமையாததாயிற்று. முதல் தாளில் 150 வினாக்கள்; குழந்தை வளர்ச்சி, இரு மொழிகள், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகளுக்கும் தலா 30. தமிழகத்தில் 2012 சூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 2018ஆம் ஆண்டு அரசாணையின்படி, அரசுப் பள்ளி நியமனத்துக்குத் தனியே ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும்.

ஏற்கெனவே பணியில் இருப்போரும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பின், தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. சிறுபான்மைப் பள்ளிகள் குறித்த வினாவைப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. நம் பள்ளிக்கு விலக்கு வரும் என்று காத்திராமல் தேறிவிடுவதே அறிவுடைமை.

பாதை கடினம், ஆனால் அடைபட்டதன்று. தகுதித் தேர்வுச் சான்று ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. மாநில அரசின் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் உள்ளது. தகுதி பெற்றவர் விண்ணப்பித்தால்தானே ஒதுக்கீடு பயன் தரும்!

மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, பெற்றோர்களுக்கு. படிப்பின் நடுவே நல்ல சம்பந்தம் வந்தால் நிகாஹ் நடக்கட்டும், பரக்கத் உண்டாகட்டும். ஆனால் படிப்பை முடிப்பதையும், பள்ளிப் பயிற்சிக்குச் சென்று வருவதையும், தேர்வெழுதுவதையும் பேச்சுவார்த்தையின்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் தெளிவாகப் பேசி முடியுங்கள். பயிற்சி வாரங்கள் குறைந்தால் பட்டயம் நின்றுவிடும். ஓராண்டின் உழைப்பு வீணாகும். வரதட்சணையைப் பேசும் ஹராமான நாவு, ஹலாலான இந்த நிபந்தனையைப் பேசத் தயங்குவானேன்?

இரண்டாவது, நிர்வாகத்தினருக்கு. ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்துக்கும் தேர்வு நூல்களுக்கும் பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். ஜமாஅத்துகள் நடத்தும் மழலையர், தொடக்கப் பள்ளிகளில் பயிற்சி பெற்றவர்களையே அமர்த்தி, வாழத்தக்க ஊதியம் கொடுங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு, குறிப்பாக வாலிபர்களுக்கு. வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக இப்படிப்புக்கு வராதீர்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு பொறுமையாக இருக்க இயலுமா என்று உள்ளத்தைக் கேளுங்கள். மாலை நேர மக்தபில் சில மாதம் உஸ்தாதுக்கு உதவியாக அமர்ந்து பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்ப, 2022இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கியதை அறிவீர்கள். எட்டு வயதில் வாசிக்கத் தெரியாத பிள்ளை, எந்தச் சலுகையையும் எட்டிப் பிடிக்க இயலாது. பொறியாளரும் மருத்துவரும் ஆலிமும் ஏதோ ஓர் ஆசிரியரின் விரலைப் பிடித்துத்தான் முதல் எழுத்தை எழுதினர். அந்த விரல்களுள் நம் பிள்ளைகளின் விரல்களும் இருக்கட்டும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கற்றதைக் கற்பிக்கும் பொறுமையையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும் நல்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.