வீட்டு அடுப்பில் சுடும் பட்சணங்கள்

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மனும் கோட்டையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று அந்தச் சீமையின் சமையலறையைப் பற்றிப் பேசப் போகிறேன். ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் நிலம் கம்பும் சோளமும் தரும். உடன்குடி, கருப்பட்டிக்குப் பேர் போனது. அருகிலுள்ள தூத்துக்குடித் துறைமுகமோ மக்ரூனுக்குப் புகழ் பெற்றது. ஆயினும், சுட்டெடுக்கும் பட்சணம் என்றால் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணம் அவசியமில்லை என்பதே என் பேச்சின் சாரம்.

முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் காலூன்றினர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘பாண்’, ‘போறணை’ என்ற சொற்கள் போர்த்துகீசியர் விட்டுச் சென்றவையே. பாண் ரொட்டியையும், போறணை அதனைச் சுடும் அடுப்பையும் குறிக்கும். ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பால் செய்யப்படும் மக்ரூன், தூத்துக்குடியில் முந்திரிப் பருப்பை ஏற்றுக்கொண்டது. மைதாவும் வெண்ணெயும் இதற்கு வேண்டாம். முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றே போதும்.

முதலில் அடுப்பைக் கவனிப்போம். அடி கனத்த பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரம் உலர்ந்த மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையத்தை வையுங்கள். இறுக மூடிப் பத்து நிமிஷம் சூடேற்றினால் போறணை தயார். விறகடுப்பானால் மூடியின் மேலும் சிறிது தணலிடலாம். அப்போது சன்னல்கள் திறந்திருக்கட்டும். பிரஷர் குக்கரை உபயோகிப்பவர்கள் ரப்பர் வளையத்தையும் குண்டையும் எடுத்துவிட வேண்டும்.

இனி மக்ரூன். நான்கு முட்டைகளின் வெண்கருவைப் பிரித்தெடுங்கள். மஞ்சள் கரு ஒரு துளி கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை எழும்பாது. நன்றாக அடித்து, நுரை பொங்கியபின் 150 கிராம் பொடித்த சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழாத பதம் வேண்டும். அதன்பின் 150 கிராம் முந்திரிப் பொடியை மெல்லக் கிளறிச் சேருங்கள். முந்திரியின் எண்ணெய் நுரையை அமுக்கும் ஆகையால் அதிகம் கலக்கலாகாது. நெய் தடவிய தாளின் மேல் சிறு கூம்புகளாக வைத்து, மிகச் சிறு தீயில், ஈடு ஈடாகச் சுடுங்கள். மேற்புறம் உலர்ந்து, தாளிலிருந்து எளிதில் பிரியும்போது எடுக்கலாம். ஈரமான கடற்காற்று பட்டால் நமுத்துவிடும். ஆறியதும் டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

மிஞ்சிய நான்கு மஞ்சள் கருக்களை வீணாக்குவானேன்? அவற்றைக் கொண்டு அன்றாடச் சிற்றுண்டியாகக் கம்பு கேக் செய்யலாம். ஒரு கிண்ணம் கருப்பட்டித் தூளை முக்கால் கிண்ணம் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஆற வையுங்கள். அதில் மஞ்சள் கருக்களையும், அரைக் கிண்ணம் புளித்த தயிரையும், கால் கிண்ணம் தேங்காயெண்ணெயையும் அடித்துக் கலக்குங்கள். கம்பு மாவு, கோதுமை மாவு வகைக்கு ஒரு கிண்ணம் எடுத்து, முக்கால் தேக்கரண்டி ஆப்பச்சோடாவுடன் சலித்துச் சேருங்கள். கம்பு மாவுக்குப் பிணையும் தன்மை குறைவு. அதனால்தான் கோதுமையின் துணை. சோடா தயிரின் புளிப்போடு சேர்ந்து காற்றுக் குமிழிகளை உண்டாக்கும். ஆகையால் கலந்தவுடன் நெய் தடவிய தட்டில் ஊற்றிச் சுட்டுவிட வேண்டும். சுமார் 40 நிமிஷம் கழித்து ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

விருந்தினருக்கு மக்ரூன், பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கம்பு கேக்: நான்கே முட்டைகளில் இரண்டு பண்டங்கள். ஒன்று கடல் தந்தது; மற்றொன்று கரிசல் தந்தது. இரண்டையும் சுட்டெடுக்க நம் வீட்டுப் பழைய பாத்திரமும் ஒரு படி மணலும் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை முயன்று பாருங்கள்.