பேருந்தில் நடந்த பள்ளிக்கூடம்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை சாப்ளின் ஆற்றிய உரை)



உதாரத்துவமாய்க் கொடுத்த ஒருவரைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கொடை என்றதும் பெரிய தொகையும், கல்வெட்டில் பெயரும், திறப்பு விழாவும் நம் நினைவுக்கு வருகின்றன. நான் நினைவுகூர விரும்புகிறவர் அப்படிப்பட்ட செல்வந்தர் அல்ல. அமெரிக்க தேசத்தில், தென் கரோலினா மாநிலத்திலுள்ள ஜான்ஸ் தீவில் 1910-ல் பிறந்த கறுப்பின விவசாயி. பெயர் ஏசா ஜென்கின்ஸ். வேதாகமத்தில் வரும் ஏசா ஒரு வேளைக் கூழுக்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றுப்போட்டான். இந்த ஏசாவோ, பறிக்கப்பட்டிருந்த உரிமையைத் தம் ஜனங்கள் திரும்பப் பெறும்படி தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

நான்காம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. காய்கறி பயிரிட்டு, அருகிலுள்ள சார்ல்ஸ்டன் பட்டணத்துக்குக் கொண்டுபோய் விற்றார். அங்கே காய்கறி வியாபாரிகள் பலர் கிரேக்கர்கள். அவர்களோடு பேசி வியாபாரம் செய்வதற்கென்றே கிரேக்க மொழியைக் கற்றுக்கொண்டாராம்! செமினரியில் புதிய ஏற்பாட்டுக்காக நாங்களும் கிரேக்கம் படித்தோம். எங்களில் எத்தனை பேர் அந்த மொழியில் ஒரு கூடை தக்காளி விற்க முடியும் என்பது வேறு விஷயம்.

1945-ல் அவர் ஒரு பேருந்து வாங்கினார். தீவுப் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிகளுக்கு ஏற்றிச் செல்வதற்காகத் தொடங்கியது அது. பின்பு சுருட்டுத் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் வீடுகளிலும் வேலை செய்தவர்கள் அதில் பயணமானார்கள். அக்காலத்தில் அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமானால், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் பதிவு அதிகாரி முன் வாசித்துக்காட்ட வேண்டும்; அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பள்ளியும் நிலமும் மறுக்கப்பட்டவர்களிடம் இப்படிக் கேட்டது சட்டம். ஜென்கின்ஸ் அந்தச் சட்டப் பகுதிகளைத் தட்டச்சு செய்து பயணிகளிடம் கொடுத்தார். போகும் வழியிலெல்லாம் அவற்றை விளக்கிச் சொன்னார்.

பயணிகளில் ஆலிஸ் வைன் என்ற அம்மையார் ஒருவர். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டே அந்தப் பகுதியை மனப்பாடம் செய்து, அதிகாரி முன் ஒப்புவித்து, வாக்காளராகிவிட்டார். நாமாயிருந்தால் காரியம் முடிந்தது என்று சாட்சி சொல்லி முடித்திருப்போம். அவருக்கோ அது போதவில்லை. உண்மையாகவே வாசிக்கக் கற்றுத் தரும்படி கேட்டார். பேருந்துப் பயண நேரத்தில் அது ஆகிற காரியமா? ஒரு பள்ளி வேண்டியிருந்தது.

1954-ல் ஜென்கின்ஸ், டென்னசி மாநிலத்திலிருந்த ஹைலேண்டர் மக்கள் பள்ளிக்குச் சென்று இந்தத் தேவையை எடுத்துச் சொன்னார். அவரை அங்கே அழைத்துச் சென்றவர் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்காக 1956-ல் அவருடைய வேலை பறிபோயிற்று. அதன் பின்பும் அவர் இந்த ஊழியத்தை விடவில்லை. ஒரு பழைய பள்ளிக் கட்டடம் விற்பனைக்கு வந்தபோது ஹைலேண்டர் 1,500 டாலரை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. ஜென்கின்ஸ் முன்பே தொடங்கியிருந்த முற்போக்குச் சங்கம் அதை வாங்கியது. முன்பக்கத்தில் கூட்டுறவு மளிகைக் கடை. வெள்ளையர் கண்ணில் படாதபடி பின் அறையில் வகுப்பு. கடனைச் சங்கத்தார் தாங்களே அடைத்தார்கள். இந்த வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். தானமாக வாங்கியிருந்தால் யாராவது ஒருவருக்கு என்றென்றும் தலைவணங்க வேண்டியிருந்திருக்கும். நாம் இங்கே ஒரு நோயாளிக்கு உதவும்போதும் இதை யோசிக்க வேண்டும் என்று உங்களைத் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

1957 ஜனவரி 7 அன்று முதல் வகுப்பு. வந்தவர்கள் 14 பேர். கற்பித்தவர் பெர்னிஸ் ராபின்சன். அழகு நிலையம் நடத்தியவர், ஆசிரியப் பயிற்சி பெறாதவர். வேண்டுமென்றே அப்படிப்பட்ட ஒருவரைத் தெரிந்துகொண்டார்கள். பயிற்சி பெற்றவர் வந்தால் பெரியவர்களைச் சிறுபிள்ளைகளாக நடத்திவிடுவாரோ என்ற பயம்! ராபின்சன் அம்மையார் முதலில் கொண்டுவந்தவை சிறுபிள்ளைகளின் பாடங்கள். அவை உதவாது என்று உடனே கண்டு, “நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள்?” என்று அவர்களிடமே கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும். வேதாகமத்தை வாசிக்க வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். தூரத்திலுள்ள பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். இவையே பாடங்களாயின; அவற்றோடு அரசியல் சட்டமும். நம் வார்டுகளில் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலின் மையைச் சேலைத் தலைப்பில் மறைத்துத் துடைக்கும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் 14 பேர் ஏன் முதலில் பெயர் எழுதக் கேட்டார்கள் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

பள்ளி அண்டைத் தீவுகளுக்கும் பரவியது. 1961-ல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்னக கிறிஸ்தவத் தலைமை மாநாடு அந்தத் திட்டத்தை ஏற்று நடத்தியது. தென் மாநிலங்களெங்கும் சாதாரண மக்கள் வந்து பயிற்சி பெற்று, ஊருக்குத் திரும்பி வகுப்பு நடத்தினார்கள். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், அப்படிப்பட்ட வாசிப்புச் சோதனைகளை அந்த மாநிலங்களில் நிறுத்திவைத்தது.

ஜென்கின்ஸ் கல்விக் குழுத் தேர்தலில் நின்று தோற்றார். 1966-ல் ஏழைகள் கடன் பெறும்படி ஒரு கடன் சங்கத்தைத் தொடங்கினார். 1972-ல் கார் விபத்தில் மரித்தார். முற்போக்குச் சங்கம் பின்னாளில் கட்டிய கட்டடத்தை 1989-ஆம் ஆண்டுப் புயல் சேதப்படுத்தியது. அவருடைய வேன் ஒன்று குடும்பத்தாரின் நிலத்தில் துருப்பிடித்து நின்றிருந்தது. அன்பு முன்னேற்றம், பகையோ அதிகச் செலவு என்ற பொருளில் அதன் பின்புறத்தில் அவர் எழுதி வைத்திருந்தார். வியாபாரியின் கணக்கு! அந்த வேனின் தகடுகள் இப்பொழுது வாஷிங்டனில், 2016-ல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன.