உயிரும் செவியும்

குழந்தைகளின் கல்லீரலில் தோன்றும் புற்றுநோய் மிக அரியது. அவ்வகையில் முதன்மையானது ஹெப்பட்டோபிளாஸ்டோமா. பெரும்பாலும் மூன்று வயது நிரம்பாத மழலைகளையே அது பற்றுகிறது. முற்காலத்தில் அறுவை ஒன்றே வழி. கட்டி பெரிதாயின் அதற்கும் இடமில்லை. பிழைத்தோர் சிலரே.

1965-இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் அறிஞர் நுண்ணுயிர்களிடையே மின்சாரம் செலுத்தி ஆராய்ந்தார். அவை பிளவுபடாமல் நீண்டு வளர்ந்தன. காரணம் மின்சாரமன்று, பிளாட்டின மின்முனைகளிலிருந்து கரைந்த பொருளே என்று பின்னர்த் தெளிந்தார். சிஸ்பிளாட்டின் மருந்தாக வந்தது இவ்வாறுதான். அது கட்டியைச் சுருக்கியபின் மருத்துவர் அதனை அறுத்தெடுப்பர். எஞ்சிய கல்லீரல் தானே வளர்ந்து நிறைவு பெறும். அறுக்க இயலாதவிடத்து மாற்றுக் கல்லீரல் பொருத்துவர். இன்று நற்சிகிச்சை பெறுவோருள் ஐவரில் ஏறத்தாழ நால்வர் பிழைக்கின்றனர்.

ஆயினும் அம்மருந்து செவிப்புலனைக் கெடுப்பது. பேச்சுப் பழகும் பருவத்தில் செவி மங்கினால் கல்வியே தடைப்படுமன்றோ? 2018-இல் வெளியான ஆய்வொன்று வழி காட்டிற்று. நோய் பரவாத குழந்தைகளுக்குச் சிஸ்பிளாட்டின் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்பேட்டைச் செலுத்தினர். செவிக்குறை நூற்றுக்கு 63-இலிருந்து 33-ஆகக் குறைந்தது. பிழைத்தோர் தொகை குறையவில்லை. புகைப்படக்காரர் இருட்டறையில் 'ஹைப்போ' என வழங்கிய உப்பே அது!

எஞ்சிய அந்த முப்பத்து மூவரின் செவியையும் காக்கும் வழி இனிக் காணப்படவேண்டும். அப்பணி உங்கள் தலைமுறைக்கு உரியது.