டிரைவர் மேல் வந்த சந்தேகம்

(நமது சங்கத்தின் டெல்லிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்பெல்லாம் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த என் கார், சென்ற ஜனவரியில் 12தான் கொடுத்தது. டிரைவர் பெட்ரோலைத் திருடுகிறாரோ என்று சந்தேகித்துக் கடுமையாகப் பேசிவிட்டேன்.

பிறகுதான் பி.எஸ்ஸி. படிப்பு நினைவுக்கு வந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2022-ல் 10 சதவீதத்தை எட்டிய எத்தனால் கலப்பு, 2025-ல் 20 சதவீதமாயிற்று. கலப்பில்லாத பெட்ரோலைவிட இதில் 6, 7 சதவீதம் சக்தி குறைவு.

மீதி, குளிரின் வேலை. 5 டிகிரியில் இன்ஜின் ஆயில் கெட்டிப்படும். டயரில் காற்றழுத்தம் இறங்கும். இன்ஜின் சூடாகும்வரை பெட்ரோல் அதிகம் செலவாகும். நாங்கள் போவதோ 3 கிலோமீட்டரில் உள்ள கோவிலுக்கு. இன்ஜின் சூடேறுவதற்குள் கோவில் வந்துவிடும்!

ஆகவே குளிர்காலத்தில் இரண்டு மூன்று வேலைகளை ஒரே சுற்றில் முடித்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து வெகுநேரம் இன்ஜினை ஓடவிடாதீர்கள். டயர் காற்றைச் சரிபாருங்கள். முக்கியமாக, கணக்குப் போட்டுப் பார்க்காமல் யாரையும் சந்தேகிக்காதீர்கள்.

டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்று ஹிந்தியில் சொன்னார். எனக்குத்தான் மனம் இன்னும் சமாதானமாகவில்லை.