1931இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் போடாத வாக்கு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



டொக்டர்மாரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் அது பாவம் என்று விட்டுவிட்டோம். நமது சங்கம் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் இந்த ஊரில் நடக்காமற்போன ஒரு தேர்தலைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

1924 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தொடங்கியது. ஹன்டி பேரின்பநாயகம் முதலான இளைஞர்கள் அதில் முன்னின்றார்கள். பின்னர் அதுவே யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் ஆயிற்று. தீண்டாமையை எதிர்த்தார்கள்; தாய்மொழிக் கல்வி கேட்டார்கள்; சிங்களவரோடு சேர்ந்து சுயராச்சியம் பெறலாம் என்று நம்பினார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் அவர்கள் அழைப்பில்தான். உடுவிலிலும் இராமநாதன் கல்லூரியிலும் அவர் பெண்பிள்ளைகளிடம் பேசினார்.

அதே நவம்பரில் டொனமூர் ஆணைக்குழுவும் இலங்கைக்கு வந்தது. அதுவரை நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவில்தான் வாக்கு இருந்தது. பெண்களுக்கு அறவே இல்லை. ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை என்று ஆணைக்குழு எழுதியது. கடைசியில் இருவருக்கும் 21 ஆயிற்று. இங்கிலாந்துப் பெண்களே 21 வயதில் வாக்குப் பெற்றது 1928இல்தான்.

அப்படியானால் இளைஞர்களுக்கு என்ன குறை? வாக்கு வந்தது, அதிகாரம் வரவில்லை. சபை தெரிவுசெய்யும் அமைச்சர்கள் ஏழு பேர் இருப்பார்கள். ஆனால் பாதுகாப்பு, சட்டம், நிதி எல்லாம் பிரித்தானிய அரசு நியமிக்கும் மூன்று அதிகாரிகளின் கையில். கஜானாவின் திறப்பு அவர்களிடம். அதற்கும் மேலே, சபையை மீறி நடக்கத் தேசாதிபதிக்குத் தனி அதிகாரம். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சிலர் இனவாரிப் பிரதிநிதித்துவம் போய்விட்டதே என்றுதான் டொனமூர் திட்டத்தை எதிர்த்தார்கள். இளைஞர்களின் கோபம் வேறு. முழுச் சுயராச்சியம் இல்லை என்பதே அவர்கள் முறைப்பாடு. இந்த இரண்டையும் குழப்பி எழுதுபவர்கள் இன்றும் உண்டு.

1931 ஏப்ரலில் காங்கிரஸ் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்தியாய வந்து பேசினார். தேர்தலைப் பகிஷ்கரிப்பது என்று அங்கே முடிவாயிற்று. மே மாதம் நியமனப் பத்திரம் கொடுக்கும் நாள் வந்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்ற நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் பத்திரம் கொடுக்கவில்லை. ஐம்பது தொகுதிகளில் நான்கு வெறுமையாயின. தெற்கில் சிலர் வாயாரப் பாராட்டினார்கள். பாராட்டியதோடு சரி, அங்கே தேர்தல் நடந்தது.

அது துணிச்சலான காரியம் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரு கேள்வி எழும். அந்த வருடம் முதன்முதலாக வாக்குப் பெற்ற யாழ்ப்பாணத்துப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா?

விடுதியில் ஒரு பெண்ணிடம், "எங்கே அம்மா நோகுது?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் கணவரோ தம்பியோ பதில் சொல்வார். அன்பினால்தான் சொல்கிறார். பதிலும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். என்றாலும் அவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவளிடமே திரும்பக் கேட்போம்.

1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். ஒரு தமிழ்ப் பெண் சபையில் இருந்தபோது, இந்த நான்கு தொகுதிப் பெண்கள் ஒருமுறையாவது வாக்குப் போட்டிருக்கவில்லை. தேர்தல் வேண்டும் என்ற குரல்கள் யாழ்ப்பாணத்திலேயே எழுந்து, 1934இல்தான் அது நடந்தது. அதற்குள் சபை நம்மவர் இல்லாமல் நடக்கப் பழகிவிட்டது. 1936இல் தமிழர் ஒருவரும் இல்லாத அமைச்சரவை அமைந்தது. பகிஷ்கரிப்பால்தான் அப்படி ஆனது என்று நாங்கள் சொல்லமாட்டோம். அதற்கு வேறு கணக்குகளும் இருந்தன. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திரம் வந்தபோது, அதை முதலில் முழுதாகக் கேட்ட அந்த இளைஞர்களின் காங்கிரஸ் ஓய்ந்து போயிருந்தது.

2005 நவம்பரில் சனாதிபதித் தேர்தல். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாக்கு வயது வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யாழ் மாவட்டத்தில் அன்று நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாங்களும் போகவில்லை. காரணத்தை இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை. 1931ஐயும் 2005ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதும் தெரியும். என்றாலும் எங்களையும் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று 21 வயது கடந்திருந்த நம் மூத்த மாணவிகள் என்ன நினைத்தார்கள்? கோபப்பட்டார்களா, பெருமைப்பட்டார்களா, அடுப்படியில் நின்று சிரித்தார்களா? தேடிப் பார்த்தோம். பள்ளிக்கூடத்துப் பழைய சஞ்சிகைகளில் இடப்பெயர்வில் போனவை போக மிச்சம் கொஞ்சம்தான். யாழ் நூலகத்தில் இருந்தவை 1981இல் எரிந்துபோயின.

ஆகவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். அம்மம்மாவின் றங்குப்பெட்டி இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் திறந்து பாருங்கள். 1931க்கும் 1934க்கும் இடையில் எழுதிய கடிதம், நாட்குறிப்பு எதுவானாலும் படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். சமையல் குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் கிறுக்கியதாக இருந்தாலும் பரவாயில்லை.