பஞ்சைக் கரைக்கும் உப்பு

பஞ்சைத் தண்ணில எவ்வளவு நேரம் ஊறவச்சாலும் கரையாது. செல்லுலோஸ் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் அவ்வளவு இறுக்கமா கட்டி வச்சிருக்கு. 2002-ல அலபாமா பல்கலைக்கழகத்துல ராபின் ரோஜர்ஸ் குழுவினர் அதை ஒரு அயனித் திரவத்துல, அதாவது 100 டிகிரிக்குக் கீழேயே உருகிடுற உப்புல, கரைச்சுக் காட்டினாங்க. அதிலுள்ள குளோரைடு அயனிகள் அந்தப் பிணைப்புகளைப் பிரிச்சுடும். கரைசலை மெல்லிசா பரப்பித் தண்ணில விட்டா, செல்லுலோஸ் படலமா திரும்பிடும்.

அந்தப் படலத்துக்குள்ள என்சைமை அடைச்சா, வினை முடிஞ்சதும் எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். சிக்கல் என்னன்னா, பஞ்சைக் கரைக்கிற அதே குளோரைடு என்சைமையும் முடக்கும். 2004-ல அதே குழு, லாக்கேஸ் என்சைமுக்குத் தண்ணில கலக்காத இன்னொரு அயனித் திரவத்தால முதல்ல கவசம் போட்டுச்சு. என்சைம் தாக்குப்பிடிச்சுது.

ஆனா விலை அதிகமான அந்தத் திரவத்தை, கழுவின தண்ணில இருந்து மீட்டாகணும். அதுக்கு முன்னாடியே இதைப் ‘பசுமை’ன்னு சொல்றது, என்னைப் பொறுத்தவரை, அவசரம்.