எரு வண்டி
(சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம்மவர்களிற் பலர் மதுரையைச் சுற்றிய கிராமங்களிற் பத்தும் இருபதுமாகக் கறவை மாடுகள் வைத்துப் பால் விற்று ஜீவிக்கின்றனர். பாலைக் கொண்டுபோகக் கேனும் மோட்டாரும் வந்துவிட்டன. சாணத்தைக் கொண்டுபோக இன்றும் பெண்களின் தலையே வாகனமாயிருக்கிறது. அதற்கொரு வண்டி செய்துகொள்வதைப் பற்றியே இன்று பேச எழுந்தோம். அற்ப விஷயமென்று சிரிப்போர் கணக்கைக் கேட்டபின் சிரிக்கலாம்.

ஒரு பசு நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 15 கிலோ வரை சாணமிடும். இருபது பசுவுக்கு, 12 கிலோ வீதம், 240 கிலோவாகிறது. கூடைக்கு 20 கிலோ எனக் கொண்டால் தினம் பன்னிரண்டு நடை. மூத்திரத்தில் ஊறிய கூளம் இதிற் சேரவில்லை. கூடையினின்றும் ஒழுகும் நீர் சுமப்பவள் கழுத்தில் வடிகிறது. ஆள் அகப்படவில்லையென்று குறைகூறும் எஜமானர்கள் அக்கூடையை ஒரு நடையேனும் சுமந்து பார்த்தாரில்லை.

சுமக்க இயலாமையால் சாணம் தொழுவத்தருகே குவிந்து, வெயிலிற் காய்ந்து, மழையிற் கரைந்து ஓடிவிடுகிறது. நெல்வயலுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன், தொழுவுரம் இடவேண்டுமென்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் சிபார்சு. உரம் வீட்டில் வீணாக, நாம் மூட்டையுரத்துக்குக் கடன்படுகிறோம்.

நிற்க, வண்டியின் அமைப்பைக் கூறுவோம். பெட்டி ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரையடி உயரம் போதும். ஈரச்சாணம் நிரப்பினால் ஏறக்குறைய 600 கிலோ ஏறும். எட்டொன்பது நடையில் ஓர் ஏக்கர் முடியும். இதனிலும் பெரிதாகச் செய்ய ஆசைப்படலாகாது, வரப்போரத்தில் அகப்பட்டுக்கொள்ளும். இரும்புத் தகட்டைச் சாணநீர் அரித்துவிடுமாதலின் அடிக்கு வேம்பு அல்லது கருவேலம் பலகையிட்டுத் தார் பூசுக. பழுதான பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். திருமங்கலத்துக் கரிசலில் ஒடுங்கிய இரும்புப் பட்டாச் சக்கரம் புதையும். அகன்ற ரப்பர் டயரே தக்கது.

பெட்டியை அச்சின்மேற் கீல்வைத்துப் பொருத்தி, முன்புறம் கொண்டியிடவேண்டும். கொண்டியை நீக்கி முன்பக்கத்தை ஒருவர் தூக்கினால் எரு பின்னே சரியும். இங்கேதான் தச்சர் கவனிக்கவேண்டும். பாரத்தின் நடு அச்சுக்கு இரண்டு மூன்று அங்குலம் முன்னே நிற்கவேண்டும். மிக முன்னே போனால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்னே போனாலோ நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். பட்டறையில் நிறைபாரம் ஏற்றிப் பாராமற் கூலி கொடுக்கவேண்டாம்.

ஏற்றும் சிரமத்துக்கும் வழியுண்டு. தொழுவத்தை யொட்டிச் சரிவாகப் பள்ளம் வெட்டி, பெட்டியின் விளிம்பு தரைக்குச் சமமாகும்படி வண்டியை நிறுத்தினால், மண்வெட்டியால் இழுத்தே தள்ளிவிடலாம். தலையிற் சுமத்தல் ஒழியும். சரிவு நீளமாயிருக்கட்டும், இன்றேல் நிறைந்த வண்டி மேலேறாது.

மாட்டுவண்டியைச் சீர்திருத்துவது கௌரவக் குறைவன்று. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராயிருந்த என். எஸ். ராமசாமி அவர்கள் அதனை ஆராய்ச்சிக்குரிய பொருளாகவே கொண்டார். கிராமத் தொழில்களுக்கு உழைத்த ஜே. சி. குமரப்பா அவர்களும், 1940-ல் தே. கல்லுப்பட்டியில் தோன்றிய காந்தி நிகேதனத்திலன்றோ பிற்காலத்தில் வந்து தங்கினார்! காளை இல்லாதவர் இதே பெட்டியைச் சிறு டிராக்டரின் பின் பூட்டலாம். இணைப்பு மட்டும் வேறாகும்.

1895 முதற் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர்ப் பக்கத்தார் மதகு திறக்குமுன், வயல் காய்ந்திருக்கும்போதே, குப்பையடித்து முடிக்கவேண்டும். கொட்டிய எருவைச் சிறு குவியல்களாக நாட்கணக்கில் வெயிலில் விடுவது நம்மவர் வழக்கம். அதனால் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும். அன்றே இறைத்து உழுதுவிடுக.

தனித்தனியே செய்ய இயலாதவர் நான்கு வீட்டார் கூடி ஒரு வண்டி செய்துகொள்ளலாம். முன்வருவோர் தத்தம் தொழுவத்து வாசலின் அகலத்தை அளந்து காரியதரிசியிடம் கொடுப்பாராக. அவ்வளவுகளில் மிகக் குறுகியதற்கேற்பவே அச்சின் நீளத்தைத் தச்சரிடம் சொல்லவேண்டும்.